குளிர்ந்த சுவரில்தான் பூஞ்சணம்: மலையக வீட்டில் ஈரத்தை அடக்கும் வழிகள்

ஜூன், ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் எந்த வீட்டில் அலுமாரியை நகர்த்திப் பார்த்தாலும் பின்சுவர் கறுத்துக் கிடக்கும். சப்பாத்துத் தோலில் பச்சை, பள்ளிக்கூடப் பையின் அடியில் வெள்ளை, தலையணையில் புள்ளி. உடனே ஹார்ட்வெயார் கடைக்குப் போய்ப் பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட் இருக்கிறதா என்று கேட்பதுதான் வழக்கம். பெயின்ட் இந்த வேலையில் கடைசியாக வரவேண்டியது. சுவர் எதனால் நனைகிறது என்று தெரியாமல் பூசினால், அடுத்த மழைக்காலத்தில் அது கொப்புளித்து உரியும்.

பூஞ்சணத்தின் வித்திகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. சுவரோடு ஒட்டியிருக்கும் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அவை முளைக்கும். காம்பராவின் நடுவில் 18 பாகைச் சூடும் 70 சதவீத ஈரப்பதனும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 10.8 கிராம் நீராவி உண்டு. அதே காற்று 14 பாகையில் இருக்கும் வெளிச்சுவர் மூலையைத் தொட்டால் அங்கே ஈரப்பதன் 89 சதவீதமாகிவிடும். சுவர் 12 பாகைக்கு இறங்கினால் நீராவி தண்ணீராகவே படியும். காம்பராவின் நடுவில் தொங்கும் ஈரப்பதன் மீற்றர் நல்ல கணக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மூலையில் பூஞ்சணம் வளர்வது இப்படித்தான். கொழும்புக் காற்றில் இதைப்போல இரண்டு மடங்கு நீராவி இருக்கிறது. ஆனால் அங்கே சுவரும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே சூடு. அதனால் "ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து போடுங்கள்" என்ற கொழும்பு யோசனை நுவரெலியாவில் சில நாள் உதவும், சில நாள் கெடுக்கும்.

முதலில் அளக்க வேண்டும். சிறிய டிஜிட்டல் ஈரப்பதன் மீற்றர் ஒன்று போதும். ஆனால் மலிவானவை ஐந்து, பத்துப் புள்ளி பொய் சொல்லும். சரிபார்க்க, ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக்கூடாது, சேறுபோல நனைந்திருக்க வேண்டும். மூடியையும் மீற்றரையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்துக் கட்டி ஓர் இரவு விடுங்கள். பைக்குள் ஈரப்பதன் 75 சதவீதத்தில் நிற்கும். மீற்றர் 70 காட்டினால் அது ஐந்து குறைவாகக் காட்டுகிறது என்று எழுதி ஒட்டிவிட்டால் முடிந்தது.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இந்த மீற்றர்கூடத் தேவையில்லை. கொழுந்து வாட்டும் மாடியில் ஈரக்குமிழ், உலர்குமிழ் என்ற இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். வீட்டிலும் இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றி, அட்டையால் விசிறிப் பாருங்கள். உலர்குமிழ் 18 பாகையில் இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 4 பாகை என்றால் ஈரப்பதன் 67 சதவீதம் அளவில், நல்லது. 3 பாகை என்றால் 74 அளவில். 2 பாகைக்குக் குறைந்தால் 80ஐத் தாண்டிவிட்டது. மழைநாளில் ஸ்டோரில் சூடான காற்றைக் கலந்துதான் கொழுந்தை வாட்டுகிறார்கள். வீட்டுக்கும் அதே கணக்குத்தான், கீழே வருகிறது.

அடுத்தது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது. ஓரடிக்கு ஓரடி பொலித்தீன் துண்டு ஒன்றைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். காம்பராப் பக்கத்து முகத்தில் நீர்த்துளி நின்றால் அது வீட்டுக் காற்றிலிருந்து படிவது. பொலித்தீனுக்குப் பின்னால் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சுவருக்குள்ளிருந்து வருவதும் இரண்டு வகை. தரையிலிருந்து ஏறும் ஈரம் இரண்டு, மூன்றடி உயரத்தில் அலையடித்த கோடுபோல நிற்கும், வெள்ளை உப்பு பூக்கும், வெயில் நாளிலும் போகாது. ஒழுக்கு மழையோடு வந்து மழையோடு குறையும். கறை மேலிருந்து கீழே இறங்கும். பல வீடுகளில் மூன்றும் சேர்ந்தே இருக்கும். அப்போது ஒழுக்கையும் தரை ஈரத்தையும் முடித்துவிட்டுத்தான் காற்றுக்கு வரவேண்டும். நனைந்த சுவர் உலர்ந்த சுவரைவிடக் குளிரும். குளிர்ந்தால் இன்னும் படியும்.

கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது என்றால் அதைத் தண்ணீர் ஓடும் கானிலும் கூரைப் பீலியிலும் போடுங்கள். மலையில் வீட்டுக்கு இடம் எடுப்பதே மேட்டை வெட்டித்தான். பின்சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் மூன்றடியாவது இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் கான் ஓட வேண்டும். கானின் அடி வீட்டுத் தரையைவிட ஆறு அங்குலமாவது பள்ளமாக இருக்க வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலச் சரிவு வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கான் முதலில் வெட்டப்பட்டதுதான். பிறகு மண் சரிந்து, சருகு விழுந்து, விறகு அடுக்கி, கோழிக்கூடு வைத்து, தரைமட்டத்துக்கே வந்துவிடும். மேட்டு மண் சுவரில் சாய்ந்து நின்றால் எந்தப் பூச்சும் தாங்காது. முதல் வேலை மண்வெட்டிக்குத்தான்.

மேட்டை மேலும் வெட்டுவதாக இருந்தால் மட்டும் நிறுத்தி யோசியுங்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் அடியை வெட்டக்கூடாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் வீடுகள் புதைந்தது எல்லோருக்கும் தெரியும். கானில் திடீரெனக் கலங்கல் தண்ணீர் ஊற்றெடுப்பது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நிற்பது, சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, இவை பூஞ்சணத்தோடு சேர்த்துப் பார்க்கும் விஷயங்கள் இல்லை. வீட்டை விட்டு வெளியேற வேண்டிய அறிகுறிகள்.

பீலி இல்லாத கூரையிலிருந்து விழும் தண்ணீர் மண்ணில் அடித்துத் தெறித்துச் சுவரின் அடிப்பகுதியை நனைக்கும். பீலி போட வசதியில்லை என்றால், தண்ணீர் விழும் கோட்டில் ஓரடி அகலம், நான்கு அங்குல ஆழத்துக்கு முக்கால் அங்குலச் சல்லி போட்டால் தெறிப்பு பெருமளவு அடங்கும். பீலி இருந்தால், அதன் இறங்குகுழாய் சுவரடியிலேயே முடியாமல் கான் வரை போகிறதா என்று பாருங்கள். நல்ல பீலி போட்டு அதன் தண்ணீரை அத்திவாரத்தில் விட்டிருக்கும் வீடுகள் கொஞ்சநஞ்சமில்லை.

தகரக் கூரைக்குத் தனிப் பிரச்சினை உண்டு. மழையே இல்லாத ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் விடியற்காலை கட்டிலில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டால் ஓட்டையே இருக்காது. வானம் தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. கீழே படுத்திருப்பவர்களின் மூச்சுக் காற்று அதன் அடியில் நீராகிறது. இதற்கு மருந்து, தகரத்தின் கீழ் அலுமினியத் தாள் விரிப்பது. தகரத்தைத் தொடாமல் ஓர் அங்குலம் இடைவெளி விட வேண்டும். மேல் தாள் கீழ்த் தாளின் மேல் ஆறு அங்குலம் ஏறி நிற்க வேண்டும். கீழ் விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே வர வேண்டும். அப்போதுதான் சொட்டும் நீர் தாளில் வழிந்து வெளியே போகும். விளிம்பைச் சுவருக்கு உள்ளேயே முடித்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் சுவரின் உச்சியில் இறங்கும். பழைய அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் பாசியையோ பூஞ்சணத்தையோ காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், துளை போட வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

இனி வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் தண்ணீர். நான்கு பேர் மூடிய காம்பராவில் எட்டு மணிநேரம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் நீர் காற்றில் சேரும். ஒரு வாளித் துணியைக் கையால் பிழிந்து உள்ளே காயப்போட்டால் இரண்டு, மூன்று லீற்றர். பலருக்குத் தெரியாதது எரிவாயுவின் கணக்கு. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடியும்போது சுமார் 20 லீற்றர் தண்ணீரைக் குசினிக் காற்றில் விட்டிருக்கும். சோறு, தேநீர் கொதித்த ஆவி இதில் சேரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பும் இதே ரகம், லீற்றருக்கு லீற்றர். விறகடுப்பிலிருந்து எரிவாயுவுக்கு மாறியபின் வீட்டில் பூஞ்சணம் கூடிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விறகடுப்பின் புகைபோக்கி புகையோடு ஈரக் காற்றையும் இழுத்துக்கொண்டு போனது, அடுப்படிச் சுவரும் காய்ந்தே இருந்தது. எரிவாயு வந்ததும் புகைபோக்கியைத் தகரம் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அதைத் திறந்து, மழை விழாமல் தொப்பி போட்டு விடுங்கள். விறகுப் புகை நெஞ்சுக்குக் கேடு என்பதால் பழைய அடுப்புக்குத் திரும்பச் சொல்லவில்லை. புகைபோக்கி மட்டும் வேண்டும்.

கொழுந்து மலையிலிருந்து வரும் நனைந்த படங்கு, கம்பளி, றெயின்கோட் எல்லாம் இஸ்தோப்பைத் தாண்டக்கூடாது. இஸ்தோப்பின் ஓரத்தில் உயரமாக ஒரு கொடி, அதன் கீழே சீமெந்துச் சரிவு இருந்தால் போதும். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டும் பழக்கம்தான் அந்த மூலையைக் கறுப்பாக்குகிறது. உள்ளேதான் காயப்போட வேண்டும் என்றால் குசினியில், புகைபோக்கியின் கீழ், உட்கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள்.

எப்போது ஜன்னலைத் திறப்பது என்பதில்தான் அதிகம் தவறுகிறது. காலை 12 பாகையில் மூடுபனி நிற்கும்போது வெளியே ஈரப்பதன் 100 சதவீதம். ஆனாலும் அந்தக் குளிர் காற்றில் நீராவி 10.7 கிராம்தான். அது உள்ளே வந்து 18 பாகைக்குச் சூடானால் 69 சதவீதமாகிறது. ஆகவே இரவெல்லாம் ஆட்கள் தூங்கிய காம்பராவை, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது, காலையில் பத்து நிமிடம் எதிரெதிராகத் திறப்பது பனியிலும் நல்லதே செய்யும். பனி துளித்துளியாக உள்ளே அடிக்கும் அளவு காற்று இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். இதற்கு நேர்மாறு, மழை விட்ட பிற்பகல். வெளியே 22 பாகை, 85 சதவீதம், அதில் 16.5 கிராம் நீராவி. வெயிலே படாத பின்காம்பராவின் சுவர் 15 பாகையில் இருந்தால், அந்தச் சுவரோரக் காற்று தாங்கக்கூடியது 12.8 கிராம்தான், மிச்சம் சுவரில். அந்த நேரத்தில் பின்காம்பராவை மூடி வைப்பதே சரி. மீற்றர் இல்லாதவர்கள் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். உட்பக்கம் வியர்த்தால் திற. திறந்தபின் தரையும் சுவரும் பிசுபிசுத்தால் மூடு.

எல்லா இடத்துக்கும் ஒரே காலமும் இல்லை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாவுக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றரையும் தாண்டிக் கொட்டும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே நனையும் காலம். ஹட்டன் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு வாசம் கூடும் ஜனவரி முதல் மார்ச் வரையும், பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு வாசம் கூடும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் காய்ந்த காற்று அடிப்பதால்தான் அந்த வாசமே வருகிறது. வீட்டைக் காயவைப்பதும் சுவர் வேலை செய்வதும் அந்த மூன்று மாதத்தில்தான். சித்திரை வருடப் பிறப்புக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் மாலை இடிமழைக் காலத்தில் போய் விழுகிறது. ஒரு மாதம் முந்தினால் நல்லது.

இரட்டை லயத்தில் எதிரெதிரே ஜன்னல் திறக்க வழியில்லை, இரண்டு வரிசைத் தோட்ட வீடுகளை முதுகோடு முதுகாகக் கட்டியது. அங்கே காற்றைக் கீழிருந்து மேலாக ஓடவிட வேண்டும். கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி, அதற்குத் தூரமான மூலையில் கூரையை ஒட்டி ஆறு அங்குலத் துளை, பூச்சி வராமல் வலை. சுவரில் கைவைக்கும் முன் தோட்ட நிருவாகத்திடம் சொல்லிவிடுங்கள். இரட்டை லயத்துக்கு ஒரு நன்மையும் உண்டு: பின்சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டு அடுப்போ ஆட்களோ இருப்பதால் அது குளிராது. அலுமாரிக்கு உகந்த சுவர் அதுதான்.

ஒற்றை லயத்திலும் தனிவீட்டிலும் அலுமாரி உட்சுவரோரம் நிற்க வேண்டும். இடமில்லாமல் வெளிச்சுவரோரம்தான் என்றால் மூன்று அங்குலம் தள்ளி, கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்துங்கள். பின்பலகையில் மேலும் கீழும் சில துளைகள் போட்டால் உள்ளேயும் காற்று ஓடும். தரையில் விரித்த மெத்தையின் அடிப்பக்கம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. இடைவெளி விட்ட பலகைத் தட்டில் போட்டு, காலையில் எழுந்ததும் சுவரில் சாய்த்து நிமிர்த்துங்கள். எழுந்த கையோடு போர்வையால் மூடினால் இரவு வியர்வை உள்ளேயே நிற்கும்.

பழைய பங்களாக்களில் அலுமாரிக்குள் பல்ப் எரியவிடுவார்கள். அது வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்கு. 15 பாகையில் 85 சதவீதமாக இருக்கும் காற்றை 18 பாகைக்குச் சூடாக்கினால் போதும், ஈரப்பதன் 70 ஆகிவிடும். குண்டு பல்ப்தான் இதற்குச் சரி. எல்ஈடி பல்ப் அவ்வளவு சூடு தராது. 25 வாட் பல்ப் நாள் முழுக்க எரிந்தால் 0.6 யுனிட். கம்பிக்கூடு போட்டு அடித்தட்டில் பொருத்தி, துணி ஓரடி தள்ளியிருக்க வேண்டும். மூடிய காம்பராவில் கரிச்சட்டி வைத்துச் சூடேற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் நச்சுவாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

வளர்ந்துவிட்ட பூஞ்சணத்தைக் காய்ந்த தும்புத்தடியால் தட்டாதீர்கள். வித்தி வீடெங்கும் பறக்கும். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து எடுங்கள். கண்ணாடி, ஓடு, பெயின்ட் அடித்த சீமெந்து போன்ற இறுகிய பரப்புக்கு அதன்பின் ஒரு லீற்றர் தண்ணீரில் 60 மில்லிலீற்றர் பிளீச் கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். பிளீச்சோடு வினாகிரி, அமோனியா, மலசலகூடம் கழுவும் அமிலம் எதையும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். பலகையிலும் மெத்தையிலும் பிளீச் உள்ளே போகாது, மேல்நிறம் மட்டும் வெளுக்கும். சுண்ணாம்புச் சுவரில் வினாகிரி தேய்த்தால் சுண்ணாம்பே கரைந்துவிடும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், முக்கியமாகப் பூஞ்சணம் மூன்றடிக்கு மூன்றடியைவிடப் பெரிதாகப் படர்ந்திருந்தால், அவரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

பழைய லயச் சுவர்கள் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். உள்ளே வந்த ஈரத்தை அவை வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசி எனமல் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். சீமெந்துப் பூச்சை ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்து, சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று என்ற கலவையில் பூசச் சொல்லுங்கள். மேசன்பாஸ் கொஞ்சம் சீமெந்தாவது சேர்த்தால்தான் பிடிக்கும் என்பார், விடாமல் நில்லுங்கள். சுவர் காய, அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவருக்கு ஒன்றரை வருடம். அதுவரை பெயின்ட் வேண்டாம், வெள்ளையடிப்பு போதும். நீறின சுண்ணாம்பைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்கு நீர்த்து, சுவரை நனைத்துவிட்டு, நாளுக்கு ஒன்றாக மூன்று, நான்கு பூச்சு மெல்லிசாக அடியுங்கள். நீறாத சுண்ணாம்பு என்றால் தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துக் கண்ணில் தெறிக்கும். ஒட்டுவதற்கு உப்புச் சேர்க்கும் வழக்கம் மலைக்கு உதவாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

ஈரமுறிஞ்சும் மின் இயந்திரம் வாங்குவோர் பெட்டியில் எழுதியிருக்கும் நாளுக்கு 12 லீற்றர், 20 லீற்றர் என்ற கணக்கை நம்ப வேண்டாம். அது 30 பாகை, 80 சதவீதம் போன்ற சூட்டில் அளந்தது. கொம்பிரசர் வகை 15 பாகைக்குக் கீழே போனால் சுருளில் பனி பிடித்து, தண்ணீர் எடுப்பதைவிடப் பனி உருக்குவதிலேயே நேரம் போகும். கண்டி, பதுளைக்கு அது சரி. நுவரெலியா, ராகலைப் பக்கத்துக்கு ஈரத்தை உறிஞ்சும் உலர்பொருள் சக்கரம் உள்ள வகையைக் கேளுங்கள். மின்சாரம் கூடுதலாக இழுக்கும், ஆனால் குளிரிலும் வேலை செய்யும், கொஞ்சம் சூடும் தரும். எதுவானாலும் ஒரு காம்பராவின் கதவு ஜன்னலைச் சாத்தி வைத்தால்தான் பலன், இஸ்தோப்புக் கதவு திறந்திருந்தால் மலைக்காற்றையே காயவைத்துக்கொண்டிருக்கும். கல்சியம் குளோரைட்டு டப்பாக்கள் அலுமாரிக்கும் பெட்டிக்கும் மட்டும் போதுமானவை. நிரம்பிய தண்ணீர் துணியில் கொட்டினால் காயவே காயாது, ஆகவே அடித்தட்டில் வையுங்கள். அடுப்புக்கரி வாடையைக் குறைக்கும், ஈரத்தை அல்ல.